கிடங்குக் காட்சி

படத்திலிருந்து வெட்டியெறிந்த காட்சிக்கு யாரும் டப்பிங் பேசுவதில்லை. சினிமாவில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். படப்பிடிப்பில் நடிகர்கள் பேசுவதை ஒப்புக்குத்தான் பதிவு செய்வார்கள். அதில் குதிரை கனைக்கும், ஜெனரேட்டர் உறுமும், விளக்குப் பிடிப்பவர் தும்முவார். பிறகு படத்தை வெட்டி ஒட்டி முடித்து, மிஞ்சிய காட்சிகளுக்கு மட்டும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து புதிதாகப் பேசிச் சேர்ப்பார்கள். மிஞ்சாத காட்சி அந்த இரைச்சலோடும், அன்றைக்குப் பேசியவர்களின் சொந்தக் குரலோடும் ஏதாவது ஓர் அலமாரியில் கிடக்கும்.

மெனுவுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த டேப் கைக்கு வந்து சேரும்வரை, தன் அக்காவின் குரல் உலகத்தில் எங்காவது மிச்சமிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

மெனு என்பது ஆபீசில் வைத்த பெயர். டிவிடி கட்டுவது அவன் தொழில். சினிமா கம்பெனி கொடுக்கும் படத்தை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சப்டைட்டில் கோத்து, டிவிடித் தட்டைப் போட்டதும் திரையில் வரும் முகப்பைச் செய்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்று வழி வைத்து, தொழிற்சாலையில் அச்சடிக்கத் தயாராக ஒரு மாஸ்டர் செய்து கொடுப்பான். அந்த முகப்புக்குத்தான் மெனு என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இவனை ஏதோ ஹோட்டலிலிருந்து வந்தவன் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைதான் ஆபீஸ். ஏசி இயந்திரங்களுக்காகப் போட்டது. மிச்சக் குளிர்ச்சிதான் மனிதர்களுக்கு.

சில வருஷம் முன்பு வெளிவந்த ஒரு சரித்திரப் படத்தின் டிவிடி வேலை வந்தபோது ஆபீசே விழாக்கோலம் பூண்டது. முற்றுகையிடப்பட்ட கோட்டை ஒன்றைப் பற்றிய படம். பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய படம். போன இடமெல்லாம் விருது. அதில் ராஜாவின் தாயாராக நடித்தவள் மெனுவின் அக்கா. இதை அவன் ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சொந்தக்காரி பெருமை பேசுகிறான் என்பார்கள், எதற்கு வம்பு?

அக்கா மேடையில் வளர்ந்தவள். மைக் இல்லாத அரங்குகளில் கடைசி வரிசைக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலப் பேசுவாள். அந்தப் படத்தின் கடைசிக் கட்டப் படப்பிடிப்பின்போதே தொண்டை கரகரக்கத் தொடங்கியிருந்தது. தூசி என்றார்கள், புகை என்றார்கள், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். டப்பிங் பேச ஸ்டுடியோ கூப்பிட்ட சமயத்தில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். படத்தில் அவளுக்கு வேறொரு பெயர்பெற்ற குரல் பேசியது. அந்தக் குரலுக்குத் தனியாக ஒரு விருதும் கொடுத்தார்கள்.

இப்போது அக்காவுக்குக் கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் பருத்திக் கைக்குட்டை. மூச்சு அந்த வழியாகப் போய்வரும். உதடு அசையும், சத்தம் வராது. கடைத்தெருவில் யாராவது அடையாளம் கண்டு, "என்னம்மா குரல் உங்களுக்கு! உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு" என்பார்கள். அவள் சிரித்துக் கும்பிட்டுவிட்டு, கைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு நகர்வாள். பேசாமல் போகிறாளே, என்ன கர்வம் என்றும் சிலர் நினைத்திருக்கலாம்.

உதட்டையும் ஒலியையும் பொருத்திப் பொருத்தியே பிழைப்பு நடத்துகிறவன் என்பதால், வீட்டில் அவள் உதட்டை முழுதாகப் படிக்கத் தெரிந்தவன் மெனு ஒருவன்தான். அத்தான் பஸ் டிப்போவில் இன்ஜின் சோதிக்கும் பிரிவில் இருந்து காதைப் பாதி தொலைத்தவர். கண்ணாலும் பிடிக்கத் தெரியாது. அவள் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் அவர் ஜன்னலைத் திறப்பார். மகள் பாதி ஊகிப்பாள், பாதியைச் சிலேட்டில் எழுதச் சொல்வாள். அதனால் மெனு போகிற நாட்களில்தான் அக்கா மனம்விட்டுப் பேசுவாள்.

அவள் குரல் வேறெங்குமே இல்லையா என்றால், இல்லை. நாடகக் குழுவிடம் இருந்த கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. மகள் கல்யாண வீடியோவில் அக்கா மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள்; வீடியோக்காரர் முழு நீளத்துக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார்.

இந்த நிலையில்தான் கம்பெனியிலிருந்து ஒரு டேப் வந்தது. வீடியோ வெளியீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர், கெட்டிக்காரர், கூடவே ஃபோனும் செய்தார். "மெனு சார், வெறும் படத்தை மட்டும் போட்டா எவன் வாங்குவான்? எக்ஸ்ட்ரா வேணும். வெட்டின சீன் நாலு அனுப்பியிருக்கேன். பாத்து கோத்துடுங்க."

மூன்றாவதாக வந்தது கிடங்குக் காட்சி. நீளம் கருதி வெட்டப்பட்டது. ராஜமாதா கையில் விளக்கோடு படியிறங்கித் தானியக் கிடங்குக்குப் போகிறாள். குனிந்து தரையைத் தடவுகிறாள். மேலே வந்து, சரணடைய மறுக்கும் மகன் முன்னால் உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறாள்.

"கிடங்கின் தரையைக் கையால் தடவிவிட்டு வருகிறேன், மகனே. மண்தான் ஒட்டுகிறது. கதவைத் திற."

பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு தட்டு விழுந்தது. அதற்கெல்லாம் நடுவே, சின்ன வயதில் கணக்கு வராத தம்பியைத் திட்டிய அதே குரல். 'திற' என்ற இடத்தில் அது நூல் இழுபட்டது போல உடைந்தது. படப்பிடிப்பில் அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்களாம். அது நடிப்பல்ல, நோய் என்பது பிறகுதான் தெரிந்தது.

மெனு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தான். மறுபடி மாட்டிக்கொண்டான். அன்றைக்கு வேறு வேலை நடக்கவில்லை.

சாயந்தரம் நேரே அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னான். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

'எந்தக் காட்சி?' என்றது உதடு.

"கிடங்கு."

அவள் கண்ணை மூடி அந்த வசனத்தை முழுதாகச் சொல்லிப் பார்த்தாள். ஒரு சொல் பிசகவில்லை. பிறகு, 'கடைசியில உடைஞ்சிருக்குமே?' என்றாள்.

"உடைஞ்சிருக்கு. அதான்க்கா அழகே."

"என்னப்பா ரெண்டு பேரும் குசுகுசுக்கிறீங்க?" என்று அத்தான் உள்ளேயிருந்து வந்தார். அவருக்குக் கேட்கும்படிச் சொல்வதென்றால் தெருவுக்கே கேட்கும். கேட்டது. எதிர்வீட்டு டீச்சர் பால்கனியிலிருந்து, "அப்போ எங்களையும் கூப்பிடுங்க!" என்றாள்.

அக்கா மகள்தான் சரியான கேள்வியைக் கேட்டாள். "மாமா, இப்பவே ஒரு காப்பி போட்டு எடுத்துட்டு வந்துடுங்களேன்."

"எதுக்குடி திருட்டுத்தனமா? கடையிலேயே வரப்போகுது. பெட்டியில உங்கம்மா படத்தோட."

"இல்ல மாமா, சும்மா ஒரு பத்திரத்துக்கு."

"இத்தனை வருஷத்துல அந்த ஆபீஸ்லேர்ந்து ஒரு பிட்டு வெளிய போனதில்ல. படம் திருட்டுத்தனமா வெளிய வந்தா முதல்ல சட்டையைப் பிடிக்கிறது என்னைத்தான். கொஞ்சம் பொறு."

அவன் சொன்னது உண்மைதான். ஆனால் முழுக்க அதுவுமல்ல. அக்காவின் குரல் ஊரெல்லாம் கடைகடையாகப் போகப்போகிறது என்ற நினைப்பு அவனுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. அந்த நினைப்புக்கு முன்னால், ஒளித்து எடுத்துவரும் ஒற்றைக் காப்பி அவனுக்கு அற்பமாகப் பட்டது.

மேனேஜர் இதுவரை கோத்ததைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்க ஆபீசுக்கு வந்தார். படத்தைத் தாண்டித் தாண்டிப் பார்த்தார். எக்ஸ்ட்ராவுக்கு வந்ததும் முகம் சுளித்தார்.

"என்ன சார் இது, மாவு மில்லுல எடுத்த மாதிரி இருக்கு? மத்த மூணு சீன்ல பேச்சே இல்ல, பாட்டைப் போட்டு ஒப்பேத்திடலாம். இந்தக் கிழவி சீனைத் தூக்கிடுங்க."

"சார், இருக்கிறதுலயே நல்ல சீன் இதுதான்."

"நல்ல சீன்தான். காது கொடுத்துக் கேக்க முடியலையே. இவ்வளவு பேரெடுத்த படத்துக்கு இப்படி ஒரு சவுண்டா? நாளைக்கு எழுதிக் கிழிச்சிடுவான்."

"ஜெனரேட்டர் சத்தம்தான் சார் தொந்தரவு. அதை மட்டும் எடுத்துட்டா குரல் தெளிவா இருக்கும். சவுண்ட் ஸ்டுடியோவுக்கு அனுப்பினா அரை நாள் வேலை."

மேனேஜர் யோசித்தார். "அவ்வளவு நல்லாயிருக்கா அது?"

"கண்டிப்பா வேணும் சார்."

"சரி, அனுப்புறேன். உங்களுக்காகத்தான்."

அவர் படியிறங்கிப் போனதும் மெனு ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தான். காப்பாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தான்.

டேப் போய்த் திரும்பி வந்தபோது வேலை தலைக்கு மேல் இருந்தது. அச்சடிக்கும் தொழிற்சாலைக்கு மாஸ்டரை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. சப்டைட்டில் பாதிப் படத்தில் ஒரு வரி பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. டேப்பின் மேல் அதே பழைய சீட்டு. மூலையில் 'சவுண்ட் ஓகே' என்று யாரோ சிவப்பில் எழுதியிருந்தார்கள். மெனு அதை இயந்திரத்தில் போட்டு, பழைய ஃபைலுக்கு இருந்த அதே பெயரைக் கொடுத்து ஏற்றினான். பெயரை மாற்றினால் மெனுவில் வைத்த வழிகள் அத்தனையும் அறுந்துவிடும். டிவிடி கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்வது இதுதான். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, அதன்மேல் எழுதட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. பொழுதுக்கும் அது கேட்கிற கேள்வி. விரல் தானாகவே ஆமாம் என்றது.

ஏறி முடிந்தது. ஹெட்போனை மாட்டினான்.

முதலில் மனம் குளிர்ந்தது. ஜெனரேட்டர் இல்லை. தட்டு விழவில்லை. விளக்கின் திரி படபடப்பதுகூடக் கேட்டது. அக்கா படியிறங்கினாள், தரையைத் தடவினாள், மேலே வந்தாள், வாயைத் திறந்தாள். வேறு யாரோ பேசினார்கள்.

படத்தில் பேசிய பெயர்பெற்ற குரலும் இல்லை. இன்னொருத்தி. சுத்தமாக, அழகாக, அக்கா நிறுத்திய இடத்தில் நிறுத்தி, இழுத்த இடத்தில் இழுத்து. 'கதவைத் திற' என்ற இடத்தில் அவள் குரலும் நூல் இழுபட்டது போல உடைந்தது.

மெனு அந்த இடத்தை மீண்டும் ஓட்டினான். பிறகு, பழைய ஃபைலைக் கம்ப்யூட்டருக்குள் தேடினான். அந்தப் பெயரில் ஒரே ஃபைல் இருந்தது. இப்போது கேட்டதுதான் அது.

சவுண்ட் இன்ஜினியர் ஃபோனை எடுத்ததுமே பெருமையாகப் பேசினார். "கேட்டீங்களா? எப்படி?"

"ஜெனரேட்டரை மட்டும்தானே எடுக்கச் சொன்னோம்?"

"எடுத்துப் பார்த்தேன் சார். குரலு பானைக்குள்ள பேசுற மாதிரி ஆயிடுச்சு. ரெண்டும் ஒண்ணோடொண்ணு ஒட்டிக் கிடக்கு. டப் பண்றது சுலபம். படத்துல பேசின பெரிய அம்மா வெளிநாடு போயிருக்காங்க. நம்மகிட்ட ஒரு பொண்ணு இருக்கு, அஞ்சு வயசுக்கும் பேசும், அறுபதுக்கும் பேசும். பழைய ட்ராக்கை அது காதுல போட்டு, அதையே பிடிச்சுப் பேசச் சொன்னேன். அந்தக் கடைசி உடைசல் இருக்கு பாருங்க, அதை வாங்கத்தான் நேரமாச்சு. விடவே இல்லையே நான்!"

"பழைய ட்ராக் எங்க இருக்கு?"

"டேப்புல இருந்ததுதானே? அது மேலதான் ஏத்தினோம். எங்க மிஷின்ல இருந்ததும் போச்சு, அதும் மேல அடுத்த படம் ஏறியாச்சு. மேனேஜர் அவசரம்னாரு."

"ஷூட்டிங்ல பதிவு பண்ண டேப்பு?"

"அது படம் வந்த கையோட அழிச்சு அடுத்த படத்துக்குப் போயிடும் சார். எதுக்கு வைப்பாங்க? ஏன், எதாவது பிரச்சனையா?"

மெனு சொன்னான்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். உங்க அக்கான்னு தெரிஞ்சிருந்தா ஓரமா ஒரு காப்பி போட்டு வச்சிருப்பேனே."

அவரைக் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதுதான் மெனுவுக்குத் தாங்கவில்லை. யார் சட்டையையாவது பிடித்து நாலு கேள்வி கேட்க முடிந்திருந்தால் தேவலாம் போலிருந்தது. யாரைத் தேடினாலும் கடைசியில் தன் சட்டைதான் கையில் வந்தது.

ஆபீசில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். அவர் வந்து உட்கார்ந்து, ஏதேதோ ஓட்டிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அழிச்சிருந்தீங்கன்னா தோண்டி எடுத்திருப்பேன் அண்ணே. நீங்க அதும் மேலேயே எழுதியிருக்கீங்க. வீடு இடிஞ்சா செங்கல்லாவது கிடைக்கும். இது அந்த மனையில வேற வீடே கட்டியாச்சு."

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

"என்னண்ணே அப்படி முக்கியமான ஃபைலு?"

"ஒரு சவுண்டு" என்றான் மெனு.

டைரக்டருக்கும் ஃபோன் செய்து பார்த்தான். நல்ல மனிதர், ஏதோ திரைப்பட விழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நின்று பேசினார். "அக்கா எப்படி இருக்காங்க? அந்த சீனை வெட்டினதுல எனக்கே வருத்தம்தான். இப்ப டிவிடில வருதுன்னு மேனேஜர் சொன்னாரு. அவங்க ரொம்ப சந்தோஷப்படுவாங்க இல்ல?" "ஆமா சார்" என்றான்.

கடைசியாக மேனேஜரிடம், "சார், அந்தக் கிடங்கு சீனைத் தூக்கிடலாமா?" என்று கேட்டுப் பார்த்தான்.

"விளையாடுறீங்களா? ஒத்தைக்கால்ல நின்னு கேட்டது நீங்கதானே? பெட்டி அச்சாயிடுச்சு. அட்டையில போட்டாச்சு."

ஆகவே அவன் வேலையைச் செய்தான். அந்தக் காட்சி சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டியது அவன் பொறுப்பு. உதட்டுக்கும் ஒலிக்கும் நடுவே முடி நுழைய இடமில்லை. சப்டைட்டிலைக் கோத்தான். மெனுவில் விளக்கோடு நிற்கும் அக்காவின் படத்தைப் பொத்தானாக வைத்தான். மாஸ்டர் தொழிற்சாலைக்குப் போனது.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று போவான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் உதடு, 'எப்போ வருது?' என்று கேட்கும். "வந்துடும்க்கா" என்பான். இன்னொரு நாள் போனான். அவள் கண்ணாடி முன்னால் நின்று அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். வந்த வழியே திரும்பிவிட்டான். கம்பெனி அவளுக்கென்று ஒரு பெட்டியைத் தனியாக அனுப்பிவைத்தது. அதைப் பிரிக்காமல் அலமாரியில் நிறுத்தி வைத்திருந்தாள். தம்பி வந்துதான் போட வேண்டுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு சீக்கிரமே போனான். அத்தான் அவனுக்கு முந்திக்கொண்டிருந்தார். டிவியைச் சுவரிலிருந்து நகர்த்திக் கூடத்தின் நடுவுக்குக் கொண்டுவந்திருந்தார். வெளிச்சம் விழாமல் ஜன்னலில் போர்வையைக் கட்டியிருந்தார். எதிர்வீட்டு டீச்சர் தன் வீட்டு நாற்காலியோடு வந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா மகளும் மருமகனும் பாயில் இருந்தார்கள்.

அக்கா சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். நல்ல புடவை. கைக்குட்டையும் புடவை நிறத்துக்குப் பொருத்தமாக, புதிது.

"அக்கா, ஒரு நிமிஷம். அந்த டிஸ்க்குல..."

அவள் திரும்பினாள். 'என்னடா?'

"அந்த சீன்ல சவுண்டு வந்து..."

'ரொம்ப மோசமா? பரவாயில்லடா. ஜெனரேட்டர் பக்கத்துலயே நின்னுச்சு, எனக்குத் தெரியாதா?' அவன் கையில் டீத் தட்டைக் கொடுத்தாள்.

"மச்சான்! பெரிய மனுஷா!" கூடத்திலிருந்து அத்தான் கத்தினார். "எவ்வளவு நேரம்? இங்க டிக்கெட் வாங்கினவங்க கலாட்டா பண்றாங்க!"

"இடைவேளைக்கு முன்னாடியே டீ தர்ற தியேட்டரை இப்பதான் பாக்கிறேன்" என்றாள் டீச்சர்.

தட்டை ஏந்தியபடி மெனு கூடத்துக்கு வந்தான். அக்கா பின்னாலேயே வந்து, டிவிக்கு நேரே உட்கார்ந்தாள். பெட்டியைப் பிரித்தாள். டிவிடியை விளிம்பில் பிடித்து அவனிடம் நீட்டினாள்.

முகப்பு வந்தது. கோட்டைச் சுவரின் மேல் மேகம் நகர்ந்தது.

"இது என் மச்சான் செஞ்சது" என்றார் அத்தான். "மேகம்கூட அவன் செஞ்சதுதான்."

"அப்பா, சும்மா இருங்க. மாமா, படம் அப்புறம் பாத்துக்கலாம். அதுக்குப் போங்க."

ரிமோட் அவன் கையில்தான் இருந்தது. டிவிடி ஓடவில்லை, மிஷின் கோளாறு என்று சொல்லலாம். மின்சாரம் போகலாம். எதுவும் போகவில்லை. அவன் வைத்த வழியெல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அழுத்திய இடத்துக்கு அப்படியே போய் நின்றது. விளக்கோடு நிற்கும் அக்காவின் மேல் மஞ்சள் கட்டம் வந்தது. அழுத்தினான்.

அக்கா படியிறங்கினாள். கூடத்தில் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இல்லை. அத்தான் நல்ல காதை டிவிப் பக்கம் திருப்பி, குனிந்து, கையை மடக்கிக் காதோரம் வைத்துக்கொண்டார். மெனு டிவியைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"கிடங்கின் தரையைக் கையால் தடவிவிட்டு வருகிறேன், மகனே..."

முதல் சொல்லிலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மடியில் வைத்திருந்த கை மட்டும் எழுந்து கைக்குட்டையைத் தொட்டது, தொட்டபடியே நின்றது.

அக்கா மகள் தலையைச் சாய்த்தாள். நெற்றி லேசாகச் சுருங்கியது. அவள் இப்போது சொல்லிவிடுவாள் என்று மெனு நினைத்தான். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தான். அம்மா வீட்டில் பேசிய பேச்சு வேறு, ராஜமாதா பேசுகிற பேச்சு வேறு. நடுவே இத்தனை வருஷம். சுருங்கிய நெற்றி மெல்ல விரிந்தது.

"கதவைத் திற."

"கேட்டீங்களா!" அத்தான் தொடையில் அறைந்தார். "அந்த உடையற இடம்! அதாம்மா இவ! ஆயிரம் பேர் பேசட்டும், அந்த இடம் வேற எவளுக்கு வரும்?"

அக்கா மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் வழிந்தது. "மறந்தே போச்சும்மா" என்றாள். "எவ்வளவு யோசிச்சாலும் வரவே மாட்டேங்குது, எனக்குள்ளேயே பயமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. இதுதானேம்மா? இப்படித்தானே இருந்துச்சு?"

நகர்ந்து வந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். அக்கா அவள் தலையில் கைவைத்தாள். மகள் நிமிர்ந்து பார்த்ததும் தலையை ஆட்டினாள். ஆமாம்.

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மருமகன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தான். காட்சி முடிந்து திரை மறுபடி முகப்புக்குத் திரும்பி, மேகம் நகர்ந்துகொண்டிருந்தது.

மகளின் தலைக்கு மேலாக அக்கா மெனுவைப் பார்த்தாள். அவனுக்கு அந்தப் பார்வையைத் தாங்கவும் முடியவில்லை, விலக்கவும் முடியவில்லை. அவள் உதடு நிதானமாக, அவன் ஒருவன் படிக்கும்படி அசைந்தது.

'சின்னப் பொண்ணு போலிருக்கு. நல்லாத்தான் பேசியிருக்கா.'

"என்ன மாமா? அம்மா என்ன சொல்றாங்க?"

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அத்தான் நல்ல காதை அவன் பக்கம் நீட்டினார். அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் என்ன சொல்லப்போகிறான் என்று.

"இன்னொரு தடவை போடச் சொல்றாங்க" என்றான்.

மஞ்சள் கட்டம் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது. அழுத்தினான். அக்கா கையில் விளக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கினாள்.